ஒரு குவார்ட் கூடிப்போச்சு: எஞ்சின் ஆயில் அதிகமானா என்ன ஆகும்?



இந்த வார எபிசோட்ல டேட்டாபேஸ் ரெப்ளிகேஷன் பத்திப் பேசினோம். நியூஸ்லெட்டர்ல எஞ்சின் ஆயில். என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. ஒரு அளவை எப்போ எடுக்கணும், எடுத்ததை எவ்வளவு நம்பணும்னு ரெண்டு இடத்துலயும் ஒரே பாடம்தான். அந்தப் பாடத்தை நான் ஒரு ஜனவரி மாசம், எடிசன்ல எங்க அக்கா வீட்டு டிரைவ்வேல, குளிர்ல விரல் மரத்துப்போய்க் கத்துக்கிட்டேன்.

அக்கா பொண்ணு பென் ஸ்டேட்ல ரெண்டாவது வருஷம் படிக்கிறா. லீவு முடிஞ்சு திங்கக்கிழமை காலையில கிளம்பணும். ஐ-80 வழியா கிட்டத்தட்ட நாலு மணி நேரம், தனியா. வண்டி அக்கா ஓட்டிட்டு அவளுக்குக் குடுத்த 2013 கொரோலா. ஞாயித்துக்கிழமை மதியம் வந்து, "மாமா, ஆயில் எப்படி மாத்துறதுன்னு எனக்குச் சொல்லிக் குடுங்க"ன்னா. நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ், பண்றது ஐடி கான்ட்ராக்ட் வேலை. ஆனாலும் என் வண்டிக்கு நானே ஆயில் மாத்துறவன். அந்த தைரியத்துல சரின்னேன்.

பழைய ஆயிலை இறக்கினோம். ஃபில்டர் மாத்தினோம். கடையில ஆயில் 5 குவார்ட் கேனா விக்கிறாங்க. புனல் வெச்சு மொத்தத்தையும் அவ ஊத்தினா. எஞ்சினை ஒரு நிமிஷம் ஓட்டி அணைச்சிட்டு, உடனே டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாத்தேன். மேல் புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்னுச்சு. "இன்னும் ஃபுல் ஆகலை. போன தடவை மிச்சமான பாட்டில் இருக்கு பாரு, அதுல இருந்து ஒரு அரை குவார்ட் ஊத்து"ன்னேன்.

"ஓவர் ஆயிடாதா மாமா?"

"ஆயில் கொஞ்சம் கூட இருந்தா எஞ்சினுக்கு நல்லதுதாம்மா. ஒண்ணும் ஆகாது."

நான் அப்படிச் சொன்னதுக்கு ஒரு ஆதாரமும் கிடையாது. வீட்டுல பெரியவங்க சொல்ற தொனியில சொல்லிட்டேன், அவ்வளவுதான்.

ராத்திரி ஒன்பதரைக்கு, பெட்டி கட்டி முடிச்சவ, கத்துக்கிட்டதை இன்னொரு தடவை செஞ்சு பாக்கலாம்னு டார்ச் எடுத்துட்டு வெளிய போனா. திரும்பி வந்து டிப்ஸ்டிக்கை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினா. மேல் புள்ளியைத் தாண்டி நல்லாவே மேல நின்னுச்சு ஆயில்.

அப்பதான் வண்டி மேனுவலை எடுத்தேன். அதுல 1.8 லிட்டர் எஞ்சினுக்கு ஃபில்டரோட சேத்து 4.4 குவார்ட்னு போட்டிருக்கு. நாங்க ஊத்தினது 5.5. ஒரு குவார்ட்டுக்கும் மேல கூடுதல். அதே மேனுவல்ல, அளவுக்கு மேல ஊத்தாதீங்க, எஞ்சின் கெட்டுப்போகலாம்னும் எழுதியிருக்கு. நான் "நல்லதுதான்"னு சொன்னதுக்கு நேர் எதிரா.

நாமக்கல்லுக்கு ஒரு போன்

எங்க தாய்மாமா நாமக்கல்ல லாரி ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கார். நமக்கு ராத்திரி பத்துன்னா அங்க காலையில எட்டரை. கடை திறக்கிற நேரம்.

"என்ன மாப்ள, இந்நேரத்துல?"

"மாமா, கார்ல ஆயில் அதிகமாயிடுச்சு."

"எச்சா ஊத்திப்போட்டயா? எத்தனை எச்சு?" கொங்குப் பக்கம் எச்சுன்னா அதிகம்.

"ஒரு குவார்ட் மாமா."

"குவார்ட்டரா? நூத்தியெண்பது மில்லிக்கா போன் பண்ற?"

"குவார்ட்டர் இல்ல மாமா, குவார்ட். கிட்டத்தட்ட ஒரு லிட்டர்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்னுச்சு. "வண்டி எத்தனை புடிக்கும்?"

"நாலு லிட்டர் சொச்சம்."

"நாலுக்கு ஒண்ணு எச்சா? லாரியில இருவதுக்கு ஒண்ணுன்னா சரி, பாத்துக்கலாம். இது வேண்டாம். இறக்கிட்டு அனுப்பு. பாப்பா தனியாப் போகுதுங்கற."

ஏன்னு கேட்டேன். அவர் சொன்னதையும், அதுக்கப்புறம் நான் தேடிப் படிச்சதையும் சேத்துச் சொல்றேன்.

தயிருக்குள்ள இறங்கின மத்து

எஞ்சினுக்கு அடியில ஒரு தட்டு மாதிரி இருக்கு. ஆயில் பான்னு சொல்லுவோம், ஊர்ல சம்ப்னும் சொல்லுவாங்க. ஆயில் அதுல தேங்கி நிக்கும். அங்கிருந்து ஒரு பம்ப் அதை உறிஞ்சி மேல அனுப்பும். தேங்கி நிக்கிற ஆயிலுக்குச் சற்று மேல கிராங்க்‌ஷாஃப்ட் சுத்திக்கிட்டு இருக்கும். 3000 ஆர்பிஎம்னா ஒரு விநாடிக்கு 50 சுத்து.

சரியான அளவுல கிராங்க் ஆயிலைத் தொடாது. டிப்ஸ்டிக்ல மேல் புள்ளி இருக்கிறதே அந்த இடைவெளிக்காகத்தான். ஆயில் அதிகமா ஏறினா, கிராங்க்கோட எடைக்கட்டைகள் அதுக்குள்ள முங்கி முங்கி எழும். பாட்டி தயிர் கடையுறதைப் பாத்திருக்கீங்களா? மத்து தயிருக்கு மேல சும்மா சுத்தினா எதுவும் நடக்காது. உள்ள இறங்கினா நுரை பொங்கும். எஞ்சின்ல நடக்கிறதும் அதேதான்.

நுரைன்னா ஆயில்ல காத்து கலந்திருக்குன்னு அர்த்தம். இங்கதான் ஆபத்து. பம்ப்பும் பேரிங்கும் திரவத்தை நம்பி செஞ்சது. திரவத்தை அமுக்க முடியாது, காத்தை அமுக்கலாம். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி தலைமுடியை விட மெல்லிசு. அந்த இடைவெளியில நிக்கிற ஆயில் படலம்தான் இரும்பு இரும்போட உரசாமக் காப்பாத்துது. ஆயிலுக்குப் பதிலா நுரை போனா படலம் அறுந்துபோகும். ஆயில் பிரஷர் குறையும், வால்வு டைமிங்கை ஆயில் பிரஷரால மாத்துற எஞ்சின்கள்ல அந்த வேலையும் தடுமாறும். ஆயில் அதிகமா இருக்கிற எஞ்சின், ஆயில் கம்மியா இருக்கிற எஞ்சின் மாதிரியே தேய ஆரம்பிக்கும். நான் எதிர்பாக்காதது இதுதான்.

இன்னும் ரெண்டு விஷயம் நடக்கும். ஒண்ணு, கிராங்க் ஆயிலைத் தள்ளிக்கிட்டே சுத்துறதால பவரும் மைலேஜும் குறையும், ஆயில் சூடாகும். ரெண்டாவது, எஞ்சினுக்குள்ள சேர்ற புகையை பிசிவி வால்வு திரும்ப உறிஞ்சி எரிக்க அனுப்பும். ஆயில் தெறிப்பு அதிகமானா அந்தப் புகையோட ஆயில் துளியும் போகும். சைலன்சர்ல நீலப் புகை வரும். ஸ்பார்க் பிளக் கறுக்கும். ஆயில்ல இருக்கிற பாஸ்பரஸ் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கொஞ்சம் கொஞ்சமா செயலிழக்க வைக்கும்.

"சீல் எல்லாம் வெடிச்சிடும்"னு சிலர் பயமுறுத்துவாங்க. அது பெரும்பாலும் மிகை. எஞ்சினுக்குள்ள அழுத்தம் வெளிய போக வழி இருக்கு. ஆனா ஏற்கெனவே வத்திப்போன பழைய சீல்னா, அந்த வழியா கசிய ஆரம்பிக்கலாம்.

டீசல்னா கதை வேற. மாமா அதைச் சொல்லும்போது குரலே மாறிப்போச்சு. டீசல் எஞ்சின்ல ஸ்பார்க் கிடையாது. சூடான அழுத்தக் காத்துல எரியக்கூடிய எது போனாலும் எரியும். ஆயில் அதிகமாகி அது காத்து போற வழியில ஏறிட்டா, எஞ்சின் தன் ஆயிலையே குடிச்சு ஓட ஆரம்பிக்கும். சாவியை அணைச்சாலும் நிக்காது. வேகம் ஏறிக்கிட்டே போகும். காத்தை அடைச்சா நிக்கும். "ஒரு தடவை சாக்கை வெச்சு அடைச்சு நிறுத்தினோம் மாப்ள. நிக்கிற வரைக்கும் உசுரு கையில இல்ல." பெட்ரோல் எஞ்சின் அப்படி ஓடாது. ஸ்பார்க்கை நிறுத்தினா நின்னுடும்.

எவ்வளவு கூடினா எவ்வளவு கவலை?

எல்லா வண்டிக்கும் பொருந்துற ஒரே எண் கிடையாது. ஆயில் எத்தனை உயரம் ஏறிச்சு, கிராங்க் எத்தனை தாழ்வா இருக்கு, இது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். ஆனாலும் முடிவெடுக்க ஒரு கணக்கு வேணும் இல்லையா? நான் வெச்சிருக்கிற கணக்கு இது:

1. மேல் புள்ளிக்கு மேல ஒரு மயிரிழை, அதாவது கால் குவார்ட்டுக்குள்ள: தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டாம். அடுத்த தடவை குறைச்சு ஊத்துங்க.

2. அரை குவார்ட் வரைக்கும்: பெரும்பாலான எஞ்சின்கள் தாங்கும். ஆனா எடுக்கிறது சுலபம், எடுத்துடுங்க.

3. ஒரு குவார்ட்டோ அதுக்கு மேலயோ: எடுக்காம ஓட்டாதீங்க. தெருமுனை வரைக்கும் போறதுக்கும் ஐ-80ல நாலு மணி நேரம் 70 மைல் வேகத்துல போறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. நுரை பொங்க வேகமும் நேரமும் வேணும்.

4. ரெண்டு மூணு குவார்ட் அதிகம்னா: ஸ்டார்ட்டே பண்ணாதீங்க. சிலர் எஞ்சின் ஆயில் பிளக்னு நினைச்சு டிரான்ஸ்மிஷன் பிளக்கைக் கழட்டி, அந்த ஆயிலை இறக்கிட்டு, ஏற்கெனவே நிறைஞ்சிருக்கிற எஞ்சின்ல புது ஆயிலை ஊத்திடுவாங்க. அப்போ எஞ்சின்ல ரெண்டு மடங்கு ஆயில், டிரான்ஸ்மிஷன்ல ஒண்ணுமே இல்ல. ரெண்டுமே போகும். டோ பண்ணித்தான் கொண்டுபோகணும்.

நான் எங்க தப்பு பண்ணேன்?

ரெண்டு இடத்துல. முதல் தப்பு, கேன்ல இருக்கிறதுதான் வண்டிக்கு அளவுன்னு நினைச்சது. கேன் சைஸை முடிவு பண்றவங்களுக்கு உங்க எஞ்சின் எதுன்னு தெரியாது. 4.4 தேவைன்னா 4 ஊத்திட்டு, நிறுத்தி, அளந்து, அப்புறம் மிச்சத்தை ஊத்தணும்.

ரெண்டாவது தப்புதான் எனக்கு வெக்கமா இருக்கு, ஏன்னா அது என் சொந்தத் தொழில்ல நான் அடுத்தவங்களுக்குச் சொல்ற பாடம். எஞ்சினை அணைச்ச உடனே ஆயில்ல ஒரு பகுதி இன்னும் மேலயே இருக்கும். அது வழிஞ்சு கீழ வர அஞ்சு பத்து நிமிஷம் ஆகும். நான் காத்திருக்காம டிப்ஸ்டிக்கைப் பாத்தேன். ரைட் பண்ண உடனே ரெப்ளிகாவுல ரீட் பண்ணி, டேட்டா வரலையேன்னு திரும்ப ஒரு தடவை ரைட் பண்றதுக்கு இது சமம். சிங்க் ஆனதும் ரெண்டு ரெக்கார்டு நிக்கும். எங்களுக்கு அரை குவார்ட் நின்னுச்சு.

பால் கேனும் நாப்பது நிமிஷமும்

ராத்திரியே இறக்கிடலாம்னு முடிவு பண்ணோம். இறக்க ரெண்டு வழி இருக்கு. டிப்ஸ்டிக் குழாய் வழியா மெல்லிய ட்யூப் விட்டு, கைப்பம்ப்பால உறிஞ்சலாம். அடியில படுக்க வேண்டாம், சுத்தமான வேலை. எங்ககிட்ட அந்தப் பம்ப் இல்ல. அதனால ரெண்டாவது வழி: வண்டியை ரேம்ப்ல ஏத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை குடுத்து, டிரெயின் பிளக்கைத் தளர்த்தி, கொஞ்சம் இறக்கி, உடனே மூடணும். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில போகவே கூடாது. எஞ்சினும் ஆறியிருக்கணும். கை நனையாம இந்த வேலை நடக்காது.

அளக்கிறதுக்கு ஒரு காலி பால் கேன். ஒரு கேலன்ல நாலுல ஒரு பங்கு ஒரு குவார்ட், அதுக்கு நேரா மார்க்கர்ல கோடு போட்டுக்கிட்டோம். இறக்கினதைப் புனல் வெச்சு அதுல ஊத்தினா. ஒரு கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வந்ததும் நிறுத்தினோம். வண்டியைச் சமதளத்துக்குக் கொண்டுவந்து, பத்து நிமிஷம் காத்திருந்து, துடைச்சு, முழுசா உள்ள விட்டு, எடுத்துப் பாத்தா. மேல் புள்ளியில சரியா நின்னுச்சு. நான் வாங்கிப் பாக்கப் போனேன். "நானே இன்னொரு தடவை பாக்கிறேன் மாமா"ன்னு குடுக்கல. நியாயம்தான்.

வண்டி ஓடினது ஒரு நிமிஷம்தான், அதனால எதுவும் கெடலை. இறக்காம அனுப்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஒருவேளை ஒண்ணும் ஆகாமலே போய்ச் சேந்திருப்பா. ஒருவேளை பனி பெய்யுற ஐ-80 ஓரத்துல, ஆயில் விளக்கு எரிய நின்னிருப்பா. நாப்பது நிமிஷ வேலைக்குச் சோம்பல்பட்டு அந்த ரெண்டாவது "ஒருவேளை"யை அவ தலையில ஏத்தறதுக்கு எனக்கு உரிமை இல்ல.

யாருமே ஊத்தாம ஏறுற ஆயில்

டிப்ஸ்டிக்ல அளவு அதிகமா இருந்தா எல்லா நேரமும் யாரோ எச்சா ஊத்தினாங்கன்னு அர்த்தம் இல்ல. இதுக்குப் பெரிய உதாரணம் ஹோண்டா. நம்ம ஆளுங்க வீட்டுல நிறைய பேர்கிட்ட இருக்கிற சிஆர்-வி, சிவிக் வண்டிகளோட 1.5 லிட்டர் டர்போ எஞ்சின். குளிர் பிரதேசத்துல, எஞ்சின் சூடாகிறதுக்குள்ள முடியுற குட்டிக் குட்டிப் பயணங்கள்ல, முழுசா எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியா வழிஞ்சு ஆயில்ல கலந்துச்சு. டிப்ஸ்டிக்ல அளவு தானா ஏறுச்சு, பெட்ரோல் வாடை அடிச்சுது. 2018 தொடக்கத்துல சீனாவுல புது சிஆர்-வி விற்பனையையே நிறுத்த வேண்டி வந்துச்சு. அமெரிக்காவுல ஹோண்டா சாஃப்ட்வேர் அப்டேட் குடுத்துது, 2017, 2018 சிஆர்-விக்கும் 2016 முதல் 2018 வரைக்குமான அந்த சிவிக் வண்டிகளுக்கும் வாரண்டியை நீட்டிச்சுது.

இங்க பிரச்சினை அளவு மட்டும் இல்ல. பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணியாகி, படலம் பிடிக்கிற சக்தி குறையும். கூடுதலை மட்டும் இறக்கிட்டா மிச்சம் இருக்கிறதும் கெட்ட ஆயில்தான். முழுசா மாத்தணும், காரணத்தையும் பாக்கணும்.

அதனால டிப்ஸ்டிக்கைப் பாக்கும்போது மூக்கையும் கண்ணையும் சேத்து வேலை வாங்குங்க. பெட்ரோல் வாடை வந்தா எரிபொருள் கலந்திருக்கு. பால் காபி நிறத்துல இருந்தா கூலன்ட் கலந்திருக்கலாம், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அந்த வண்டியை ஓட்டாம மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. நிறமும் வாடையும் சாதாரணமா இருந்து, ஆயில் இப்பத்தான் மாத்தினதுன்னா, ஊத்தினவங்க கைதான் காரணம்.

இன்ஸ்பெக்‌ஷன்ல வந்து நிக்கும்

"கொஞ்ச நாள் அதிகமா ஓடினா என்ன"ன்னு விட்டா, பில் பின்னாடி வரும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பழுதானா செக் எஞ்சின் விளக்கு எரியும், பி0420 மாதிரி ஒரு கோடு வரும். நியூ ஜெர்சியில ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற இன்ஸ்பெக்‌ஷன்ல அந்த விளக்கு எரிஞ்சா ஃபெயில். பே ஏரியா ஆளுங்களுக்கு ஸ்மாக் செக்ல அதே கதை. டெக்சஸ்ல 2025ல சொந்தக் கார்களுக்கு சேஃப்டி இன்ஸ்பெக்‌ஷனை எடுத்துட்டாலும், ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் பக்கத்துக் கவுன்டிகள்ல எமிஷன் டெஸ்ட் இன்னும் இருக்கு. கன்வெர்ட்டர் மாத்துற செலவுல எத்தனையோ வருஷத்துக்கு ஆயில் மாத்தலாம். டெஸ்லா வெச்சிருக்கிறவங்க சிரிக்காதீங்க, உங்க அப்பா வண்டியில இன்னும் ஆயில் இருக்கு.

இந்த வார வீட்டுப்பாடம்

அஞ்சே படி. வண்டியைச் சமதளத்துல நிறுத்துங்க. எஞ்சினை அணைச்சிட்டு உங்க மேனுவல் சொல்ற நேரம் காத்திருங்க. டிப்ஸ்டிக்கைத் துடைங்க. முழுசா உள்ள விட்டு எடுங்க. ரெண்டு பக்கமும் பாத்து, ஒரே அளவு வர்ற வரைக்கும் திரும்ப எடுங்க. கடையில ஆயில் மாத்தினாலும் வீட்டுக்கு வந்து ஒரு தடவை பாருங்க. டிப்ஸ்டிக்கே இல்லாத புது வண்டின்னா, திரையில எந்த மெனுவுல அளவு காட்டுதுன்னு கண்டுபிடிச்சு வெச்சுக்கோங்க. இறக்கின ஆயிலை சாக்கடையில ஊத்தாதீங்க. நிறைய ஆட்டோ பார்ட்ஸ் கடைகள்ல இலவசமா வாங்கிப்பாங்க.

திங்கக்கிழமை மதியம் அவகிட்ட இருந்து மெசேஜ். "ரீச்டு மாமா. டென் மினிட்ஸ் வெயிட் பண்ணி செக் பண்ணேன். லெவல் ஓகே." கீழ டிப்ஸ்டிக் போட்டோ. அதை அப்படியே நாமக்கல்லுக்கு அனுப்பினேன். மாமா கட்டை விரல் மட்டும் அனுப்பினார்.

"ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றதுக்கு முன்னாடி இப்பல்லாம் நான் மேனுவலைத் திறக்கிறேன். அடுத்த வாரம் பாக்கலாம்.